நரம்புத் துணைக்கலங்கள்

நரம்புத் துணைக்கலங்கள் என்பவை மூளையிலும் தண்டுவடத்திலும் உடலெங்கும் பரவியுள்ள நரம்புகளிலும் நரம்பணுக்களுடன் சேர்ந்து காணப்படும் உயிர்க்கலங்கள் ஆகும். இவை நரம்பணுக்களைப் போல மின்துடிப்புகளைத் தொலைவுக்குக் கடத்துவதில்லை. நியூரோகிளியா, கிளியா கலங்கள் என்னும் பெயர்களாலும் இவை அறியப்படுகின்றன. நரம்பணுக்களுக்கு உணவூட்டல், அவற்றைச் சூழ்ந்துள்ள நீர்மத்தின் வேதிச் சமநிலையைப் பேணல், நரம்பிழைகளுக்கு மின்காப்பு உறையிடல், கழிவகற்றல், நோய்க்கிருமிகளை எதிர்த்தல் ஆகியன இவற்றின் முதன்மையான பணிகள்.

மனித மூளையிலுள்ள நரம்பணுக்களுள் மிகப் பெரும்பாலானவை வாழ்வின் தொடக்கத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பவை. தோலிலும் குடலிலும் இறந்த கலங்களின் இடத்தைப் புதிய கலங்கள் நிரப்புகின்றன. மூளையின் பெரும்பகுதியில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆகவே இருக்கும் நரம்பணுக்களைக் காப்பாற்றுவது உடலுக்கு இன்றியமையாததாகிறது. இப்பணியைத் துணைக்கலங்கள் செய்கின்றன. எனினும், இவற்றின் எதிர்ப்புச் செயல் அளவு மீறும்போது அதுவே நரம்பணுக்களைக் கொல்லவும் கூடும். தமிழகத்தில் மூளைக் காய்ச்சல் என்று பரவலாக அழைக்கப்படும் நோய்களுள் ஒன்றான சப்பானிய மூளையழற்சி, இவ்விரு தன்மைகளையும் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டாகும்.

பெயரும் வரலாறும்

செருமானிய மருத்துவரான ருடோல்ஃப் விர்க்கோ 1856 ஆம் ஆண்டில் நியூரோகிளியா என்னும் பெயரைப் பயன்படுத்தினார். கிளியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்பது பொருள். நரம்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் ஒருவகை இணைப்புப் பொருள் மூளையில் இருப்பதாக அவர் கருதியதே இப்பெயருக்குக் காரணம். அவ்விணைப்புப் பொருள் தனித்தனிக் கலங்களால் ஆனது என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

இத்தாலியரான கமில்லோ கொல்கி 1873 இல் வெளியிட்ட வெள்ளிச் சாயமேற்றும் முறை, மூளைக் கலங்களின் முழு உருவத்தையும் நுண்ணோக்கியில் காண வழிவகுத்தது. எசுப்பானியரான சான்டியாகோ ரமோன் இ காகல் 1913 இல் தங்க உப்புகளைக் கொண்டு வேறொரு சாயமுறையை உருவாக்கி, விண்மீன் வடிவத் துணைக்கலங்களைத் தெளிவாகக் காட்டினார். இவ்விருவருக்கும் 1906 ஆம் ஆண்டிலேயே மருத்துவத்திற்கான நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டிருந்தது. காகலின் மாணவர் மரபில் வந்த பீயோ டெல் ரியோ ஓர்த்தேகா 1919 இல் மைக்ரோகிளியா என்னும் நுண்துணைக்கலங்களைத் தனி வகையாகப் பிரித்தறிந்தார். ஒலிகோடெண்ட்ரோகிளியா என்னும் வகையையும் அவரே 1921 இல் விளக்கினார்.

நரம்பணுக்களின் மின்துடிப்புகளை அளக்கக் கருவிகள் இருந்தமையால் 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆய்வாளர்களின் கவனம் நரம்பணுக்கள் மீதே இருந்தது. துடிப்புகளை எழுப்பாத துணைக்கலங்கள் இடநிரப்பிகளாகவே கருதப்பட்டன. உயிருள்ள மூளையில் ஒளிரும் கலங்களைப் படம் பிடிக்கும் முறைகளும் மரபணுக்களைத் தேர்ந்து முடக்கும் முறைகளும் வந்த பின்னரே இக்கருத்து மாறியது.

எண்ணிக்கை

மூளையில் ஒரு நரம்பணுவுக்குப் பத்துத் துணைக்கலங்கள் உள்ளன என்னும் கூற்று பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. பிரேசில் நாட்டு ஆய்வாளரான சுசானா எர்குலானோ-அவுசெல் குழுவினர் 2009 இல் வெளியிட்ட கணக்கீடு இதனை மறுத்தது. அவர்கள் மூளைத் திசுவைக் கரைத்து, அதிலுள்ள உட்கருக்களை எண்ணினர். அக்கணக்கின்படி மனித மூளையில் சராசரியாக 8,600 கோடி நரம்பணுக்களும், ஏறத்தாழ 8,500 கோடி நரம்பணு அல்லாத கலங்களும் உள்ளன. அதாவது விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. இவ்விகிதம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சிறுமூளையில் நரம்பணுக்களே மிகுதி; பெருமூளைப் புறணியிலும் அதன் வெண்பொருளிலும் நரம்பணு அல்லாத கலங்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு உள்ளன.

வகைகள்

விண்மீன்கலங்கள்: ஆசுட்ரோசைட்டு எனப்படும் இவை பல திசைகளில் கிளைகளை நீட்டிய உருவம் கொண்டவை. ஒரே கலத்தின் சில கிளைகள் குருதி நுண்குழாயின் சுவரில் பாதம் போலப் படிந்திருக்கும். வேறு சில, நரம்பணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களைச் சூழ்ந்திருக்கும். குருதிக்கும் நரம்பணுவுக்கும் இடைப்பட்ட இந்த அமைவிடமே இவற்றின் பணிகள் பலவற்றிற்கும் அடிப்படையாகும்.

ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள்: சில கிளைகளே உடையவை. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்பு மிகுந்த உறையைச் சுற்றுபவை இவையே. இவ்வகைக் கலம் ஒன்று பல பத்து இழைகளுக்கு உறையிட வல்லது.

நுண்துணைக்கலங்கள்: மைக்ரோகிளியா எனப்படும் இவை மூளையின் நோய் எதிர்ப்புக் கலங்கள். பிற துணைக்கலங்கள் நரம்பணுக்கள் தோன்றும் கருத்திசுவிலிருந்தே தோன்றுகின்றன. நுண்துணைக்கலங்களோ கருவின் தொடக்கக் காலத்தில் கருவுணவுப் பையில் உருவாகி, அங்கிருந்து மூளைக்குள் குடியேறுகின்றன. எலிகளில் செய்யப்பட்ட ஆய்வொன்று இதனை 2010 இல் உறுதிப்படுத்தியது.

எபெண்டிமா கலங்கள்: மூளையின் உள்ளறைகளையும் தண்டுவடத்தின் நடுக்கால்வாயையும் உட்புறமாகப் போர்த்தியுள்ளவை. இவற்றின் மேலுள்ள நுண்மயிர்கள் மூளைத்தண்டுவட நீர்மத்தை அசைத்து ஓடச் செய்கின்றன.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியேயுள்ள நரம்புகளில் உறையிடும் பணியைச் சுவான் கலங்கள் செய்கின்றன. தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரி இக்கலங்களுக்குள் புகுந்து வாழ்வதாலேயே அந்நோயில் கை, கால்கள் உணர்விழக்கின்றன. வலி தெரியாமையால் சுட்டாலும் வெட்டினாலும் நோயாளி அறிவதில்லை. விரல்கள் தேய்ந்து போவது பெரும்பாலும் இதன் விளைவாகும். துணைக்கலம் பழுதுபட்டால் நரம்பு பழுதுபடும் என்பதற்கு இது மிகப் பழைய சான்று.

நரம்பணுக்களைக் காக்கும் முறைகள்

உணவும் ஆற்றலும்

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆயினும், ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. நரம்பணுவிடம் ஆற்றல் சேமிப்பு மிகக் குறைவு. மூளையிலுள்ள கிளைக்கோசன் பெரும்பாலும் விண்மீன்கலங்களிலேயே சேமிக்கப்பட்டுள்ளது. இக்கலங்கள் குளுக்கோசைச் சிதைத்து லாக்டேட்டு என்னும் சேர்மமாக்கி நரம்பணுக்களுக்கு வழங்குகின்றன என்னும் கருதுகோள் 1994 இல் முன்வைக்கப்பட்டது. நரம்பணு தனக்கான ஆற்றலில் எவ்வளவைக் குளுக்கோசிலிருந்து நேரடியாகவும் எவ்வளவை இவ்வழியிலும் பெறுகிறது என்பது இன்னும் ஆய்வாளர்களிடையே விவாதத்தில் உள்ளது.

நரம்புச் செயல்பாடு மிகும் இடத்தில் குருதியோட்டமும் மிகுகிறது. குருதிக்குழாய்களின் மேல் படிந்துள்ள விண்மீன்கலப் பாதங்கள், குழாய்களை விரிக்கவும் சுருக்கவும் செய்யும் வேதிப்பொருட்களை வெளியிட்டு இதில் பங்கேற்கின்றன.

வேதிச் சமநிலை

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருட்களுள் முதன்மையானது குளூட்டமேட்டு. செய்தி சென்று சேர்ந்த பின்னும் இது சந்திப்பிடத்தில் தங்கிவிட்டால், எதிரிலுள்ள நரம்பணு ஓயாமல் தூண்டப்படும். அப்போது அதனுள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்து, அக்கலத்தைக் கொல்லும். விண்மீன்கலங்கள் குளூட்டமேட்டை உடனுக்குடன் உறிஞ்சி, தீங்கற்ற குளூட்டமினாக மாற்றி நரம்பணுவுக்கே திருப்பித் தருகின்றன. நரம்பணு அதிலிருந்து மீண்டும் குளூட்டமேட்டை உண்டாக்கிக் கொள்கிறது.

இம்மாற்றத்தின்போது அம்மோனியாவும் பிணைக்கப்படுகிறது. கல்லீரல் செயலிழந்தோரின் குருதியில் அம்மோனியா மிகும்போது, அதனைக் கையாளும் விண்மீன்கலங்கள் வீங்குகின்றன. அந்நோயாளிகளுக்கு ஏற்படும் மனக்குழப்பத்துக்கும் மயக்கத்துக்கும் இது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

நரம்பணு ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் பொட்டாசியம் வெளியேறுகிறது. அது வெளியிலேயே தேங்கினால் அண்டையிலுள்ள நரம்பணுக்கள் தாமே துடிக்கத் தொடங்கி வலிப்பு உண்டாகலாம். விண்மீன்கலங்கள் மிகுதிப் பொட்டாசியத்தை உள்வாங்கி, தமக்குள் உள்ள இணைப்புகள் வழியாகப் பரவச் செய்து, ஓரிடத்தில் தேங்காமல் பார்த்துக் கொள்கின்றன. ஆக்சிசனேற்றத்தால் விளையும் சிதைவிலிருந்து காக்கும் குளூட்டாத்தயோனை ஆக்கிக்கொள்வதற்கான மூலப்பொருட்களையும் நரம்பணுக்கள் இவற்றிடமிருந்தே பெறுகின்றன.

குருதி-மூளைத் தடுப்பு

குருதியில் செலுத்தப்பட்ட சில சாயங்கள் உடலின் பிற உறுப்புகளை நிறமேற்றியபோதும் மூளையை நிறமேற்றவில்லை என்பதைப் பால் எர்லிக் 1885 இல் கண்டறிந்தார். மூளையின் நுண்குழாய்களின் உட்சுவர்க் கலங்கள் இடைவெளியின்றி இறுக இணைந்திருப்பதே இதற்குக் காரணம் என்பது பின்னர் அறியப்பட்டது. இத்தடுப்பு உருவாகவும் நிலைக்கவும் விண்மீன்கலங்களும், குழாய்களை ஒட்டியுள்ள பெரிசைட்டு என்னும் கலங்களும் வேண்டும். குருதியிலுள்ள நச்சுகளும் பெரும்பாலான கிருமிகளும் மூளைக்குள் நுழையாமல் இத்தடுப்பு காக்கிறது. அதே காரணத்தால் பல மருந்துகளும் மூளையைச் சென்றடைவதில்லை.

மயலின் உறை

உறையற்ற நரம்பிழையில் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் செல்லும். தடித்த மயலின் உறையுடைய இழையில் அது நொடிக்கு 100 மீட்டர் வரை செல்லக்கூடும். உறை விரைவைக் கூட்டுவதோடு ஆற்றல் செலவையும் குறைக்கிறது. உறையிடும் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் தாம் சுற்றியுள்ள இழைக்கு லாக்டேட்டை வழங்குகின்றன என்பது 2012 இல் காட்டப்பட்டது. பன்முகத் தண்டுவட மரப்பு நோயில் உடலின் எதிர்ப்பு மண்டலமே மயலினைத் தாக்குகிறது. உறையிழந்த இழைகள் நாளடைவில் அழிந்துபோவதற்கு இவ்வூட்டம் நின்றுபோவதும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

காவலும் துப்புரவும்

நலமான மூளையில் நுண்துணைக்கலங்கள் ஓய்ந்திருக்கின்றன என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. உயிருள்ள எலிகளின் மூளையைப் படம் பிடித்த இரு குழுவினர் 2005 இல் இதனைத் திருத்தினர். இக்கலங்களின் உடல் நிலையாக இருக்க, கிளைகள் மட்டும் இடைவிடாது நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக் கொண்டிருந்தன. ஒரு சிறு காயம் ஏற்படுத்தப்பட்டதும், சில நிமிடங்களுக்குள் அண்டையிலுள்ள கிளைகள் அனைத்தும் அவ்விடத்தை நோக்கித் திரும்பி அதனைச் சூழ்ந்து கொண்டன.

கிருமி, இறந்த கலம், புரதக் குப்பை ஆகியவற்றை இக்கலங்கள் விழுங்கிச் செரிக்கின்றன. வளரும் மூளையில் வேண்டாத நரம்புச் சந்திப்புகளைக் களைவதும் இவற்றின் பணியே. உழவர் நாற்றைக் கலைத்துவிடுவது போல, மிகுதியாகத் தோன்றிய இணைப்புகளில் சில நீக்கப்பட்டு எஞ்சியவை வலுப்பெறுகின்றன.

காப்பு கேடாக மாறுதல்

காயமோ தொற்றோ நேரும்போது விண்மீன்கலங்கள் பருத்துப் பெருகி, பழுதுபட்ட இடத்தைச் சுற்றித் தழும்பு போன்ற வேலியை அமைக்கின்றன. இவ்வேலி நரம்பிழைகள் மீண்டும் வளர்வதைத் தடுக்கும் தீமையாகவே முன்னர் கருதப்பட்டது. எலிகளின் தண்டுவடக் காயத்தில் இவ்வேலியை உருவாகவிடாமல் தடுத்துப் பார்த்தபோது அழற்சி பரவி, மேலும் பல நரம்பணுக்கள் இறந்தன. எனவே தொடக்கக் கட்டத்திலேனும் இது காப்பு என்பது தெளிவாயிற்று.

மறுபுறம், தூண்டப்பட்ட நுண்துணைக்கலங்கள் கிருமியைக் கொல்ல வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு, கட்டி நசிவுக் காரணி, இன்டர்லியூக்கின் ஆகிய பொருட்கள் கிருமியுள்ள கலத்தையும் நலமான நரம்பணுவையும் வேறுபடுத்தி அறிவதில்லை. இத்தகைய நுண்துணைக்கலங்கள் வெளியிடும் பொருட்களால் விண்மீன்கலங்கள் தம் காப்புப் பணிகளைக் கைவிட்டு, நரம்பணுக்களைக் கொல்லும் நிலைக்கு மாறக்கூடும் என்பதைச் சுடான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பென் பாரெசு குழுவினர் 2017 இல் காட்டினர். அல்சைமர், பார்க்கின்சன் முதலிய நோய்களால் இறந்தோரின் மூளையிலும் இவ்வகை விண்மீன்கலங்கள் காணப்பட்டன.

எடுத்துக்காட்டு: சப்பானிய மூளையழற்சி

தமிழகத்தில் நோயின் வரலாறு

சப்பானில் 1871 ஆம் ஆண்டிலேயே அறியப்பட்ட இந்நோயின் தீநுண்மி 1935 இல் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் மனிதர்களிடம் இந்நோய் முதன்முதலாக 1955 இல் வேலூரில் கண்டறியப்பட்டது. வேலூர் அப்போது வடார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் தெற்கே இருந்த தென்னார்க்காடு மாவட்டமும் நெடுங்காலம் இந்நோய் காணப்பட்ட பகுதியாகும். அம்மாவட்டம் 1993 இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

நோய் இப்பகுதியில் நிலைகொண்டதற்கு நெல் வேளாண்மையுடன் தொடர்பு உண்டு. தீநுண்மியைப் பரப்பும் கியூலெக்சு வகைக் கொசுக்கள், குறிப்பாகக் கியூலெக்சு டிரைட்டீனியோரிங்கசு, நீர் தேங்கி நிற்கும் நெல்வயல்களில் முட்டையிடுகின்றன. கொக்கு, மடையான், வக்கா ஆகிய நீர்ப்பறவைகளின் உடலில் தீநுண்மி இயல்பாக வாழ்கிறது. பன்றிகளின் குருதியில் அது பன்மடங்கு பெருகுகிறது. இக்கொசுக்கள் மாலையிலும் இரவிலும் பெரும்பாலும் மாடுகளைக் கடிப்பவை. வாய்ப்பு நேரும்போது மனிதரையும் கடிக்கின்றன. மனிதரின் குருதியில் தீநுண்மி மிகுதியாகப் பெருகாததால் நோயாளியிடமிருந்து பிறருக்கு இந்நோய் பரவுவதில்லை. செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தைப் போல வயலும் ஏரியும் மாட்டுக்கொட்டிலும் குடியிருப்பும் அடுத்தடுத்து அமைந்த ஊர்ப்புறங்களில் இச்சங்கிலியின் கண்ணிகள் அனைத்தும் அருகருகே இருக்கின்றன.

தீநுண்மி தொற்றியோருள் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாக வெளிப்படுகிறது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவ்வாறு மூளையழற்சி கண்டோருள் 30 விழுக்காட்டினர் வரை இறக்கின்றனர். பிழைத்தோருள் 20 முதல் 30 விழுக்காட்டினருக்குப் பக்கவாதம், வலிப்பு, பேச்சிழப்பு, அறிவு வளர்ச்சிக் குறைவு போன்ற நிலையான பாதிப்புகள் எஞ்சுகின்றன. நோய் நிலவும் பகுதிகளில் பெரியவர்கள் முந்தைய தொற்றால் எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பதால், நோயுறுவோர் பெரும்பாலும் 15 அகவைக்கு உட்பட்ட குழந்தைகள்.

மூளைக்குள் நிகழ்வது

தீநுண்மியின் முதன்மை இலக்கு நரம்பணுக்களே. தலாமசு, அடித்தள முடிச்சுகள், மூளைத்தண்டு ஆகிய பகுதிகள் பெரிதும் தாக்கப்படுகின்றன. உணர்ச்சியற்ற முகம், நடுக்கம், உடல் விறைப்பு என நோயாளிகள் சிலரிடம் பார்க்கின்சன் நோயை ஒத்த குறிகள் தோன்றுவது இதனாலேயே.

நரம்பணுக்களின் இறப்புக்குத் தீநுண்மி மட்டுமே காரணமன்று. அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாசு குழுவினர் இதனை எலிகளிலும் வளர்ப்புக் கலங்களிலும் ஆய்ந்தனர். தீநுண்மியால் தூண்டப்பட்ட நுண்துணைக்கலங்கள் அழற்சிப் பொருட்களை வெளியிடுவதையும், அப்பொருட்களே நரம்பணுக்களை இறக்கச் செய்வதையும் அவர்கள் 2007 இல் வெளியிட்டனர். அதாவது, தீநுண்மி புகாத நரம்பணுக்களும் மடிகின்றன. இவ்வழற்சியால் குருதி-மூளைத் தடுப்பும் தளர்ந்து, மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லாமையால் அழுத்தம் கூடி உயிருக்கு இடர் விளைகிறது.

எனில் நுண்துணைக்கலங்கள் இல்லாதிருப்பதே நலமா என்னும் வினா எழும். அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் எலிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து நுண்துணைக்கலங்களைப் பெருமளவு நீக்கிவிட்டு, சப்பானிய மூளையழற்சித் தீநுண்மியையும் அதன் இனத்தைச் சேர்ந்த மேற்கு நைல் தீநுண்மியையும் செலுத்தினர். இவ்வெலிகளின் மூளையில் தீநுண்மி மேலும் பெருகியது, இறப்பும் கூடியது. இம்முடிவு 2018 இல் வெளியாயிற்று. எனவே இக்கலங்களின் எதிர்ப்பு தேவையானது; கேடு விளைவிப்பது அதன் அளவும் நீடிப்புமே.

மருந்துத் தேடல்

இத்தீநுண்மியை அழிக்கும் மருந்து இதுவரை இல்லை. காய்ச்சலைத் தணித்தல், வலிப்பைக் கட்டுப்படுத்தல், மூளை வீக்கத்தைக் குறைத்தல், மூச்சுக்கு உதவுதல் ஆகியவையே மருத்துவமனையில் செய்யக்கூடியவை.

முகப்பரு முதலியவற்றிற்கு வழங்கப்படும் மினோசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, நுண்துணைக்கலங்களின் கிளர்ச்சியைத் தணிக்க வல்லது. இது மலிவானது, குருதி-மூளைத் தடுப்பையும் கடக்கக் கூடியது. தொற்றுற்ற எலிகளுக்கு இதனைக் கொடுத்தபோது நரம்பணு இறப்பு குறைந்து எலிகள் பிழைத்தன என மானேசர் குழுவினர் 2008 இல் தெரிவித்தனர். இதன் அடிப்படையில் இலக்னோவில் மூளையழற்சி நோயாளிகளிடம் ஒரு மருத்துவச் சோதனை நடத்தப்பட்டு, முடிவு 2016 இல் வெளியிடப்பட்டது. ஒட்டுமொத்த இறப்பில் புள்ளியியல்படி உறுதியான குறைவு காணப்படவில்லை. மருத்துவமனையில் முதல் நாளைக் கடந்து பிழைத்திருந்தோரிடம் மட்டும் ஓரளவு நன்மை இருக்கலாம் என்னும் குறிப்பு கிடைத்தது. எலியில் பயன்தந்த ஒரு முறை மனிதரிடம் அதே அளவு பயன்தராமைக்கு நேரமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆய்வகத்தில் தொற்று நிகழ்ந்த நேரம் தெரியும். சிற்றூரிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் குழந்தையின் மூளையிலோ அழற்சி அதற்குள் முற்றியிருக்கும்.

தடுப்பு

கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் 2005 இல் ஏற்பட்ட பெருந்தொற்றில் 1,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதனைத் தொடர்ந்து 2006 முதல் இந்திய அரசு நோய் நிலவும் மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இயக்கத்தை நடத்தியது. சீனாவில் உருவாக்கப்பட்ட, வலுக்குறைத்த உயிருள்ள தீநுண்மியைக் கொண்ட எஸ்ஏ 14-14-2 என்னும் தடுப்பூசி இதில் பயன்பட்டது. விழுப்புரம் உள்ளிட்ட தமிழக மாவட்டங்கள் சிலவும் பின்னர் இவ்வியக்கத்தில் சேர்க்கப்பட்டன. நோய் நிலவும் மாவட்டங்களில் இது வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படுகின்றன. கர்நாடகத்தின் கோலாரில் 1981 இல் பிரித்தெடுக்கப்பட்ட தீநுண்மியிலிருந்து செய்யப்பட்ட செயலிழந்த தடுப்பூசியான ஜென்வாக், ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனத்தால் 2013 இல் வெளியிடப்பட்டது.

தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருட்கள் தீநுண்மியைக் குருதியிலேயே பற்றி அழிக்கின்றன. தீநுண்மி மூளையை அடையாதபோது நுண்துணைக்கலங்கள் கிளர்ந்தெழும் தேவையும், அதனால் நரம்பணுக்கள் மடியும் நிலையும் ஏற்படுவதில்லை.

கொசுக்களைக் குறைப்பதற்கான முறைகளும் தமிழகத்தில் ஆராயப்பட்டன. மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், வேப்பம் பிண்ணாக்கு பூசிய யூரியாவை நெல்வயலில் இட்டுக் கொசுப்புழுக்களின் எண்ணிக்கை குறைவதைக் காட்டியது. வயலில் எந்நேரமும் நீர் நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதும் கொசுப்புழுக்கள் முதிர்வதைத் தடுக்கும். பன்றிக் கொட்டில்களைக் குடியிருப்பிலிருந்து விலக்கி அமைத்தல், உறங்கும்போது கொசுவலை பயன்படுத்தல் ஆகியனவும் பரிந்துரைக்கப்படுகின்றன.

காய்ச்சலுடன் வலிப்பு, நினைவு தடுமாறல், ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் எதுவும் காணப்படும் குழந்தையைக் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலிப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் குளூட்டமேட்டும் பொட்டாசியமும் நரம்பணுக்களைச் சுற்றித் தேங்குகின்றன. அழற்சியுற்ற விண்மீன்கலங்களால் அவற்றை முழுமையாக அகற்ற இயலுவதில்லை. வலிப்பை விரைவில் நிறுத்துவதும், மூச்சும் குருதியழுத்தமும் குறையாமல் பார்த்துக் கொள்வதும், எஞ்சியுள்ள நரம்பணுக்களைக் காக்கத் துணைக்கலங்களுக்கு மருத்துவம் இன்று செய்யக்கூடிய உதவியாகும்.